ஆற்றின் மேல் கட்டிய அரண்மனை

மலாய் நாட்டு ஜொகூரில், ரெங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரருடைய ரப்பர் தோட்டத்தில் சிற்றம்பலம் பெரிய கிராணியாக, ஆபீசின் தலைமை எழுத்தராக இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வீட்டுக்கு யார் சாப்பிட வந்தாலும், கை கழுவுவதற்குள் பேச்சு எப்படியாவது பிரான்சுக்குப் போய்விடும்.

பத்து வருடங்களுக்கு முன்னால், 1922இல், தோட்டத்துத் துரை ஓராண்டு விடுப்பில் ஊருக்குப் போனபோது, ஆங்கிலத்தில் எழுதுவதற்கு ஆள் வேண்டுமென்று சிற்றம்பலத்தையும் கப்பலில் அழைத்துப் போயிருந்தார். லுவார் என்கிற ஆற்றின் பக்கம் துரையின் ஊர். அங்கேதான் சிற்றம்பலம் சைக்கிள் பழகினார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோதுமை வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் தாண்டிப் போய், பழைய கோட்டைகளைப் பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்.

அன்றைக்கு விருந்துக்கு வந்தவர்கள் ரெங்கம் ஸ்டேஷன் மாஸ்டர் ஜெயபாலனும் அவர் தங்கை அன்னலட்சுமியும். அன்னலட்சுமி குளுவாங்கில் ஆசிரியை. சிற்றம்பலத்தின் மனைவி செல்லப்பாக்கியம் சொதிச் சட்டியும் அகப்பையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

“அந்த அரண்மனையை ஆத்துக்கு மேலை கட்டியிருக்கினம், பாலம் மாதிரி” என்றார் சிற்றம்பலம். “ஷெனோன்சோ எண்டு பேர். கீழாலை தண்ணி ஓடும். நாங்கள் சைக்கிளை மரத்திலை சாத்திப்போட்டு, உள்ளாலையே நடந்து அக்கரைக்குப் போனனாங்கள்.”

“நாங்கள் எண்டால் ஆர்?” என்று ஜெயபாலன் கேட்டார்.

இத்தனை வருடமாக அதை யாரும் கேட்டதில்லை. செல்லப்பாக்கியமும் கேட்டதில்லை. ஆனால் அந்தச் சொல் வரும்போதெல்லாம் அவள் காது அங்கேயே நின்றுவிடும். அந்த ‘நாங்க’ளில் அவள் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வேறு யார் இருந்தார்கள் என்பதுதான் தெரியாது.

“துரையின்ரை ஒண்டுவிட்ட தங்கச்சி, மதலேன். பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறவ. அவதான் எனக்குச் சைக்கிள் பழக்கினவ.” சிற்றம்பலம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “அந்த அரண்மனையை ராசா தன்ரை வைப்பாட்டிக்குக் குடுத்தவராம். ராசா செத்த கையோடை ராணி வந்து, அவவை வெளியிலை அனுப்பிப்போட்டுத் தான் குடிபுகுந்திட்டா.”

எல்லோரும் சிரித்தார்கள். செல்லப்பாக்கியம் சிரிக்கவில்லை. அந்த ராணி எத்தனை வருடம் பொறுத்திருந்தாளோ என்று நினைத்துக்கொண்டு, யாரும் கேட்காமலே அவர் சோற்றில் சொதியை ஊற்றினாள்.

மறுநாள் காலை அவர் முகம் வழித்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

“அவ வடிவோ?”

“ஆர்?”

“சைக்கிள் பழக்கினவ.”

அவர் கத்தியைக் கன்னத்திலிருந்து எடுத்துக் கொஞ்சம் யோசித்தார். “வடிவெண்டு சொல்லேலாது. நல்லாச் சிரிப்பா.”

வடிவு என்று சொல்லியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அந்தச் சிரிப்பை அவர் இன்னும் வைத்திருக்கிறார். நான் எப்படிச் சிரிப்பேன் என்று யாராவது கேட்டால் இவருக்குச் சொல்லத் தெரியுமா?

அந்த வாரமே அவள் அன்னலட்சுமியிடம் போய், சைக்கிள் பழக்கிவிடச் சொன்னாள். அன்னலட்சுமியிடம் பெண்கள் ஓட்டும் சைக்கிள் ஒன்று இருந்தது. சீலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் வலை கட்டியது. கிராணி வெளியே போகும் நேரம் பார்த்து, தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மண்பாதையில் இருவரும் பழகினார்கள். செல்லப்பாக்கியம் விழுந்தாள், முழங்கால் தோல் உரிந்தது, மறுபடி ஏறினாள். ரப்பர்ப் பால் வாளியோடு போய்க்கொண்டிருந்த தோட்டத் தொழிலாளி வெள்ளையம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்து, சீட்டைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

“கிராணியம்மா, ஏம்மா இந்த வயசுல இம்புட்டு அவசரம்?”

“ஒருத்தியைப் பிடிக்க வேணும்” என்றாள் செல்லப்பாக்கியம். வெள்ளையம்மாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் கையை விடவில்லை.

ஒருநாள் சிற்றம்பலம் ஆபீசிலிருந்து திரும்பும்போது, எதிரே தன் மனைவி சைக்கிளில் வருவதைக் கண்டார். வாய்விட்டுச் சிரித்தார். கோபிக்கவில்லை. பெருமையாகக்கூட இருந்திருக்கலாம். அவள் இறங்கி மூச்சு வாங்கினாள்.

“இஞ்சேருங்கோ, என்னையும் ஒரு பழைய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. சைக்கிளிலை.”

“இஞ்சை என்ன அரண்மனையோ இருக்கு?”

“இருக்கிறதைக் காட்டுங்கோ.”

யோசித்துப் பார்த்துக் கோத்தா திங்கி என்று முடிவு செய்தார். பழைய ஜொகூர் சுல்தான்களின் சமாதிகள் அங்கே இருந்தன. தைப்பூச விடுமுறையில் அன்னலட்சுமியின் சைக்கிளையும் அவருடைய சைக்கிளையும் ரயிலில் ஏற்றி ஜொகூர் பாருவுக்குப் போய், தெரிந்தவர் வீட்டில் தங்கி, விடியும் நேரத்தில் புறப்பட்டார்கள்.

செம்மண் சாலை. இருபுறமும் ரப்பர், பிறகு அன்னாசிக் காடு, பிறகு வெட்டாத காடு. பனி இறங்கி, தரை குளிர்ந்து கிடந்தது. நன்றாகத்தான் இருந்திருக்கும், சிற்றம்பலம் பேசாமல் வந்திருந்தால். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருக்கு வேறொரு சாலை தெரிந்தது. அங்கே மரங்கள் வரிசையாக, ஊசிமாதிரி நிற்கும். அங்கே ஒரு மேடு ஏறினால் அடுத்த ஊர்த் தேவாலயக் கோபுரம் தெரியும். அங்கே தாகமெடுத்தால் எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம்.

ஓர் ஏற்றம் வந்தது. அவர் இறங்கி உருட்ட ஆரம்பித்தார்.

“இறங்கும். கால் பிடிச்சுக்கொள்ளும். இப்பிடி ஏத்தத்திலை மதலேன் எண்டால் இறங்கவே மாட்டா.”

செல்லப்பாக்கியம் இறங்கவில்லை. தொடை தீயாக எரிந்தது. கண் இருட்டியது. சைக்கிள் நடப்பதைவிட மெதுவாகப் போனது. அவள் பற்களைக் கடித்துக்கொண்டு உச்சிவரை மிதித்தாள். திரும்பிப் பார்க்காமல் மறுபக்கச் சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

சமாதிக்கு அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். மஞ்சள் துணி போர்த்திய கல்லறை. பார்த்துக்கொள்ளும் மலாய்க் கிழவர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, ஊரார் சொல்லும் கதையைச் சொன்னார். அவளுக்குத் தெரிந்த சந்தை மலாயில் அது போதுமான அளவு புரிந்தது. ஒரு தளபதியின் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. மசக்கையில், சுல்தானுக்கென்று வைத்திருந்த பலாப்பழத்தில் ஒரு சுளையைத் தின்றுவிட்டாள். அதற்காக அவள் வயிற்றைக் கிழித்தார்கள். திரும்பி வந்த தளபதி, பல்லக்கில் போன சுல்தானைக் குத்திக் கொன்றான்.

“அப்ப அவன் எங்கே போயிருந்தான்?” என்று அவள் கேட்டாள்.

“கடற்கொள்ளைக்காரர்களோடு சண்டைக்கு. அவன் ஊரில் இல்லாத நேரம்தான் அது நடந்தது.”

சிற்றம்பலம் வியர்த்து வந்து நின்றபோது அவள் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாள். ஜொகூர் ஆறு கலங்கி, அகலமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்கள் அங்கை சைக்கிள் ஓடின வருசம் நான் எங்கை இருந்தனான்?” என்றாள்.

அவருக்குத் தெரியும். அவள் யாழ்ப்பாணத்தில் தாய்வீட்டில் இருந்தாள். நிறைமாதத்தில் ஒரு பெண்பிள்ளை பிறந்து, அழாமலே போய்விட்டது. அடுத்தது பிறக்கும், அழாதே என்று எல்லோரும் அவள் வாயை அடைத்தார்கள். அடுத்தது பிறக்கவில்லை.

“அந்தச் செய்தி வந்த அண்டைக்கு என்ன செய்தனீங்கள்?”

அவர் சட்டைக் கையால் முகத்து வியர்வையைத் துடைத்தார்.

“அண்டைக்குத்தான் ஷெனோன்சோவுக்குப் போனனாங்கள். நான் அறையை விட்டு வெளியிலை வரேல்லை. மதலேன் வந்து, உள்ளுக்கை கிடந்தால் விசர் பிடிச்சிடும் எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனவ. நான் அரண்மனையை வடிவாப் பாக்கவுமில்லை. பிறகு புத்தகத்திலை பாத்ததைத்தான் எல்லாருக்கும் சொல்லுறனான்.”

“அவவுக்கு முன்னாலை அழுதனீங்களோ?”

“ஓம்.”

“பிறகு?”

“திரும்பி வாற வழியிலை ஒரு பழைய தேவாலயம். அவ உள்ளை போய்ப் பிள்ளைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினவ. வேறை ஒண்டுமில்லை, பாக்கியம். சத்தியமா ஒண்டுமில்லை.”

வேறு ஏதாவது இருந்திருந்தால் அவளால் சண்டை பிடித்திருக்க முடியும். தலையில் அடித்துக்கொண்டு அழுதிருக்க முடியும். இது அதைவிட மோசமாக இருந்தது. அவர் கண்ணீரை அவள் ஒருநாளும் கண்டதில்லை. அது ஏற்கனவே ஒருத்தியிடம் போய்விட்டது. பெற்றவள் காணாத அந்த அழுகையை, பிள்ளையைச் சுமக்காத ஒருத்தி பக்கத்திலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“உமக்கு முன்னாலை அந்தக் கதையை எடுக்கப் பயம். அதுதான் அரண்மனையைச் சொல்லுவன்.”

திரும்பும் வழியில் வானம் கறுத்தது. சிற்றம்பலத்துக்குக் கால் பிடித்துக்கொண்டது. அன்னாசி ஏற்றிப் போன லொறி ஒன்று பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவன் வேலு, ஒரு தமிழன்.

“ஏறிக்குங்க ஐயா, மழ வரப் போவுது லா. அம்மாவையும் ஏறச் சொல்லுங்க.”

“நீங்கள் போங்கோ” என்றாள் செல்லப்பாக்கியம். அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டு அவர் சைக்கிளோடு ஏறிக்கொண்டார். லொறி போய் மறைந்தது.

மழை கொட்டியது. யாருமில்லாத சாலையில் அவள் மிதித்துக்கொண்டே அழுதாள். முதலில் மெதுவாக, பிறகு உரக்க, வாயைத் திறந்து, அடைக்க யாரும் இல்லாமல். பிள்ளைக்கு ஒரு பேர்கூட வைக்கவில்லையே என்று சத்தமாகச் சொன்னாள். ரப்பர் மரங்களுக்கு மேல் மழை பெய்த இரைச்சலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

மழை சற்று விட்டபோது, சாலையோரம் ஒரு மரத்தடியில் சிற்றம்பலம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நனைந்துபோய் நின்றார்.

“ஏன் இறங்கினீங்கள்?”

“லொறியிலை இருந்து பாத்தால் உம்மைக் காணேல்லை.”

அவள் சீலைத் தலைப்பைப் பிழிந்தாள். “எனக்கு அவவிலை எரிச்சல் போகேல்லை. போகும் எண்டு நினைக்காதேங்கோ.”

“ஓம்.”

“பிள்ளைக்கு விளக்கு வைக்க வேணும்.”

“வைப்பம். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவம்.”

“நீங்கள் வேண்டாம்” என்றாள். “நீங்கள் ஒருக்கால் ஒருத்தியோடை போய் வைச்சிட்டியள். இது நான் தனிய வைக்கிறது.”

அவர் தலையாட்டினார். முகத்தில் வழிந்தது மழைத்தண்ணீரா என்று அவள் உற்றுப் பார்த்தாள். பார்த்ததை அவருக்குக் காட்டிக்கொள்ளவில்லை. இருவரும் ஏறி மிதித்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். இந்த முறை அவர் எந்த ஊரைப் பற்றியும் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் அன்னலட்சுமியின் சைக்கிளில் தனியாகத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனாள். அகலை வைத்துத் திரியைத் திரித்தாள். மதலேனுடைய மெழுகுதிரி எவ்வளவு நேரம் எரிந்திருக்குமோ தெரியாது. செல்லப்பாக்கியம் போத்தலைச் சரித்து, விளிம்பு தளும்பும்வரை எண்ணெயை ஊற்றினாள்.