விசா வரட்டும்

பெங்களூரில் கனடா விசாவுக்காக உடம்பைப் பரிசோதிக்கும் இடத்தில், இரமை எக்ஸ்ரே அறைக்குள் இரண்டாவது முறையாகக் கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்னால் போனவர்கள் எல்லாரும் ஒரே தடவையில் படம் எடுத்துக்கொண்டு, சிரித்துப் பேசியபடி படியிறங்கிப் போய்விட்டிருந்தார்கள். குளிர்ந்த தகட்டில் நெஞ்சை அழுத்திக்கொண்டு நின்றவளுக்கு, முதல் தடவை அசைந்திருப்போம், அதனால்தான் மறுபடியும் எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

அப்படி இல்லை. டாக்டரம்மா படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, வலப்பக்க நெஞ்சின் மேல்பகுதியைப் பேனாவால் காட்டினார். பஞ்சு ஒட்டிக்கொண்டது போல ஒரு வெள்ளை. கன்னடக்காரரான அவருக்கு ஓசூர்ப் பிள்ளைகளோடு பேசிப் பேசித் தமிழும் வந்திருந்தது.

"இது என்னன்னு தெரியாம கனடாவுக்கு நான் சரின்னு எழுதி அனுப்ப முடியாதும்மா. சளி டெஸ்ட் பண்ணணும். ரிசல்ட் வர ரெண்டு மாசம் ஆகும். அப்புறம் இன்னொரு எக்ஸ்ரே."

பிறகு இரமின் அம்மா தில்ஷாத்தின் பக்கம் திரும்பி, வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா என்று கன்னடத்தில் கேட்டார்.

தில்ஷாத்துக்குப் பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை. வெளிநாட்டுக்குப் போகும் பூக்களைத் தரம் பிரித்துக் கட்டி, குளிர் அறையில் அடுக்க வேண்டும். அந்தக் குளிர்தான் அவள் இருமலுக்குக் காரணம் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி, அவள் இருமுவது யார் காதிலும் விழாமலே போயிருந்தது. அன்று காலை பஸ் அத்திப்பள்ளியைத் தாண்டும்வரை இருமிக்கொண்டுதான் வந்தாள்.

"யாரிகூ இல்லா மேடம்" என்றாள் தில்ஷாத்.

யாருக்கும் இல்லை என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அவளுக்குத் தொண்டையில் ஏறிவிட்டது. உதட்டை இறுக்கிக்கொண்டாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. அப்படியே விழுங்கினாள். டாக்டரம்மா குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். இரம் எல்லாவற்றையும் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

மாடிப்படித் திருப்பத்துக்கு வந்ததும் தில்ஷாத் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தாள்.

"ஏம்மா இல்லேன்னு சொன்ன?"

"பின்ன என்ன சொல்றது? வீட்டுல ஒருத்திக்கு நோவுன்னு எழுதிட்டா உனக்கு விசா குடுப்பாங்களா?"

"நீயும் ஒரு டெஸ்ட் பண்ணிக்க. ஒண்ணும் இல்லேன்னா நல்லதுதான?"

"இருக்குன்னு சொல்லிட்டா?" தில்ஷாத் முக்காட்டால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "விசா வரட்டும். மறுநாளே போறேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரி எங்க ஓடிப் போவுது?"

இரம் கிருஷ்ணகிரியில் வேதியியல் படித்தவள். ஓசூரில் ஒரு வண்டி உதிரிபாகக் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் ஒரு வருஷம் இருந்தாள். தில்ஷாத்தின் தம்பி காலித் கனடாவில் வேலையில் இருந்தார். அக்கா மகளுக்கு அங்கே ஒரு கல்லூரியில் இடம் பிடித்துக் கொடுத்து, செலவையும் ஏற்றுக்கொண்டவர் அவர். கல்லூரிக் கடிதம் வந்த அன்று தில்ஷாத் தோட்டத்தில் உடன் வேலை செய்பவர்களுக்கெல்லாம் பேரீச்சம்பழம் கொடுத்தாள். தன் மகள் எந்த ஷெட்டிலும் நிற்கப் போவதில்லை என்று மேஸ்திரியிடமே சொல்லிவிட்டு வந்தாளாம்.

சளி டெஸ்டின் முடிவு மே மாதக் கடைசியில் வந்தது. கிருமி இல்லை. ஆனாலும் இன்னொரு எக்ஸ்ரே எடுத்து, அந்த வெள்ளை பெரிதாகவில்லை என்று பார்த்த பிறகுதான் காகிதங்கள் டெல்லி விசா அலுவலகத்துக்குப் போகும் என்றார்கள். வீட்டில் அந்த முடிவே போதுமானதாக இருந்தது. ஜூஜுவாடியில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் கடை வைத்திருந்த இரமின் அத்தா கௌஸ் மொய்தீன், கடையை மதியமே சாத்திவிட்டுப் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். தில்ஷாத் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"என்ன, பசிக்கலியா?"

"வேலைல டீ குடிச்சது இன்னும் அப்படியே நிக்குது."

அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். வளையல்கள் முழங்கை வரை ஏறி இறங்கின. ரவிக்கையைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தவளே இரம்தான். சாயங்காலமானால் உடம்பு காய்ந்தது. மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கி, பாட்டிலோடு குடித்துக்கொண்டாள். தனக்கென்று ஒரு தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மகள் படுக்கும் அறைக்கு வராமல் சமையலறையிலேயே பாய் போட்டுக்கொண்டாள். யாரும் அவளிடம் காரணம் கேட்கவில்லை.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்தில் அம்மாவோடு வேலை செய்யும் கெம்பம்மா வீட்டு வாசலில் வந்து நின்றாள். தில்ஷாத் கடைக்குப் போயிருந்தாள்.

"உள்ள வரலம்மா. உன்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். உங்கம்மா நேத்து பைப்பாண்ட துப்பினா, ரத்தம். நான் பாத்தேன்னு அவளுக்குத் தெரியாது. தண்ணி ஊத்தி ஊத்திக் கழுவறா. எங்க மாமனாரு இப்படித்தான் போனாரு. கூட்டிட்டுப் போ கண்ணு."

தில்ஷாத் திரும்பி வந்ததும் இரம் கதவைச் சாத்தினாள்.

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"யார் சொன்னா? கெம்பம்மாவா?"

"யார் சொன்னா என்ன? ரத்தம் வருதுல்ல?"

தில்ஷாத் கோபப்படவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சுட்டது.

"இங்க பாரு. ஆஸ்பத்திரில பேரு எழுதினா வீட்டுக்கு ஆள் வந்து எல்லாரையும் டெஸ்ட்டுக்குக் கூப்புடுவாங்க. பெங்களூரு வரைக்கும் போயிடும் சேதி. இன்னும் எத்தன நாளு? ரெண்டாவது எக்ஸ்ரே நல்லா வந்துடுச்சுன்னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க. விசா வரட்டும்டி. எனக்காக இல்ல, காலித்துக்காகவாச்சும் பொறுத்துக்க."

ஓசூர் ஆஸ்பத்திரிச் சீட்டு கனடாக்காரர்களிடம் எப்படிப் போய்ச் சேரும் என்று இரம் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதே சமயம், போய்ச் சேர்ந்துவிட்டால் என்ற பயமும் அவளுக்கு இருந்தது. அம்மாவின் கையிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டு, "சரி, அப்ப வேலைக்காவது போகாத" என்றாள். அவ்வளவுதான். தில்ஷாத் தலையாட்டினாள். மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்குப் போனாள்.

விசா ஆகஸ்ட் நடுவில் வந்தது. கூரியர்க்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைக் கிழித்து, பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்ததைத் தில்ஷாத்திடம் காட்டினாள் இரம். தில்ஷாத் அதைத் தொடவில்லை. "நீயே பத்திரமா வை" என்றாள். முகம் மட்டும் அப்படி மலர்ந்தது.

சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். மறுநாளே கிளம்பிவிட்டாள். ஆனால் பஸ் ஏற முடியவில்லை. கௌஸ் மொய்தீன் ஆட்டோ பிடித்து வந்தார். ஓசூரில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே கிருஷ்ணகிரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். காசநோயில் இரண்டு பக்க நெஞ்சும் போயிருந்தது. "இத்தனை நாள் எங்க இருந்தீங்க?" என்று அங்கிருந்த சின்ன டாக்டர் கேட்டார். அவருக்குக் கோபத்தில் குரல் நடுங்கியது.

ஒதுக்கமான வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். ஊசியும் மாத்திரையும் தொடங்கின. மூன்றாம் நாள் கொஞ்சம் தெளிந்து, பெட்டியில் என்னென்ன வைக்க வேண்டும் என்று இரமிடம் வரிசையாகச் சொன்னாள். குளிர் ஊர், காதுக்குக் கட்டிக்கொள்ள ஏதாவது வாங்கிக்கொள் என்றாள். அந்த வார முடிவில் ஒரு காலைவேளை, கஞ்சியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவளுக்கு இருமல் வந்தது. கூடவே ரத்தம் வந்தது. நிற்கவில்லை. நர்ஸ் ஓடி வருவதற்குள் இரமின் மடியெல்லாம் நனைந்திருந்தது. தில்ஷாத் மகளின் துப்பட்டாவைக் கையில் சுருட்டிப் பிடித்தாள். பிடி தளர்ந்தது.

தில்ஷாத்தின் மையத்தை அடக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போன பிறகு, வந்தவர்கள் சீக்கிரமே கலைந்தார்கள். என்ன நோய் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருந்தது.

பத்தாம் நாள் வாக்கில் சுகாதாரத் துறையிலிருந்து முனிலட்சுமி என்ற அம்மா வந்து, வீட்டில் இருக்கும் இருவரும் சளி கொடுக்க வேண்டும் என்றாள். கொடுத்தார்கள். அத்தாவுக்கு இல்லை. இரமுக்கு இருந்தது. பெங்களூர்ப் படத்தில் தெரிந்த வெள்ளைக்குள் உறங்கிக் கிடந்தது எழுந்துவிட்டதோ, புதிதாக ஒட்டிக்கொண்டதோ, யார் சொல்வது? ஆறு மாதம் மருந்து, ஒன்றுவிட்டு ஒரு நாள், ஆஸ்பத்திரிக்கு வந்து கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள் முனிலட்சுமி.

அடுத்த வாரம் விமானம்.

கௌஸ் மொய்தீன் சொன்னார்: "நீ கெளம்பிடு."

"அத்தா?"

"விசா கைல இருக்குது. ஏர்போர்ட்ல யாரும் நெஞ்சத் தொறந்து பாக்கப் போறதில்ல. மாத்திரைய மொத்தமா வாங்கிக் குடுத்துடறேன், அங்க போய்ப் போட்டுக்க. உங்கம்மா எதுக்கு உசுர விட்டா? இதுக்குத்தான?"

"காலித் மாமா வீட்டுல ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்குது அத்தா."

"தள்ளிப் படுத்துக்க."

"அம்மாவும் தள்ளித்தான் படுத்தா."

அவர் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இரம் காலித்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். பெங்களூர் டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்யிலிருந்து தொடங்கினாள். "அக்கா என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல" என்றார் அவர். பிறகு அழுதார். கல்லூரி ஜனவரி வரை இடத்தை வைத்திருப்பதாகச் சொன்னது. ஜனவரியில் மருந்து முடியவில்லை. இடம் போய்விட்டது.

கௌஸ் மொய்தீன் மகளிடம் பேசாமலே ரம்ஜான் வந்து போனது. மாத்திரை போடும் நாளெல்லாம் அவளுக்குக் குமட்டியது. சாலையோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்துவிட்டு நடந்து வருவாள். அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது, அத்தாவின் மொபெட் பக்கத்தில் வந்து நின்றது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாயைக் கொப்பளிக்கும்வரை வண்டியை அணைக்காமல் நின்றார்.

"அவ இருமறது எனக்கும்தான் கேட்டுச்சு" என்றார். "வாம்மா ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு நாளு நான் கூப்புடல. நீயும் கூப்புடல."

"நான் கூப்பிட்டேன் அத்தா. கூப்பிட்டுட்டு விட்டுட்டேன்."

லாரிகள் பெங்களூர்ப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் பின்னால் ஏறி உட்கார்ந்ததும் வண்டியை எடுத்தார்.