எச்சில் தண்ணீர்

மச்சினனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே மூத்தவர்தான். அதுதான் அவருக்கு இன்னும் ஆறவில்லை. தம்பி சும்மா சுற்றுகிறான், எதையாவது பாருங்கள் என்று பெண்டாட்டி நச்சரித்தாள். இவரும் ஆபீசில் நாலு பேரிடம் பல்லைக் காட்டி, மெஷினுக்கு எண்ணெய் துடைக்கிற வேலையில் அவனைச் சொருகிவிட்டார். துடைக்க வந்தவன் இப்போது கீழ் பவர் ஹவுஸுக்கு ஆபரேட்டர். இவர் அன்றும் இன்றும் மேல் பவர் ஹவுஸுக்கு ஆபரேட்டர்.

அந்தச் சின்ன மாநிலத்தில் ஆலை, கம்பெனி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வயலும் மாடும்தான். அங்கே எரிகிற விளக்கில் பாதி இந்த ஒரு மலையிலிருந்து போகிறது. மீதியைப் பக்கத்து மாநிலத்தில் வாங்குகிறார்கள். விளக்கு எரிகிறவரை எவனும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டான். கொஞ்சம் மங்கினால் போதும், பரம்பரையையே இழுத்துத் திட்டுவான்.

அணையிலிருந்து குழாயில் இறங்குகிற தண்ணீர் முதலில் மூத்தவரின் டர்பைனைச் சுற்றிவிட்டு ஒரு சின்னக் குளத்தில் விழும். குளத்திலிருந்து இன்னொரு குழாய் வழியாகக் கீழே மச்சினனிடம் போகும். இவர் தள்ளிவிட்ட தண்ணீர்தான் அவனுக்கு. "என் எச்சில் தண்ணியிலதான் அவன் பொழப்பு ஓடுது" என்று மூத்தவர் டீக்கடையில் சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் குளத்துக்குக் கீழே மலை செங்குத்தாக இறங்குகிறது, கீழே இருக்கிற மெஷினும் புதுசு. அதே எச்சில் தண்ணீரை வைத்துக்கொண்டு அவன் இவரைப்போல இரண்டு பங்கு கரண்ட் எடுத்தான். டீக்கடையில் அதையும் யாராவது சொல்வார்கள். மூத்தவர் மட்டும் சிரிக்கமாட்டார்.

ஒருமுறை வயிற்றெரிச்சல் தாங்காமல் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தார். அவன் கரண்ட் இறங்கத்தான் செய்தது. ஆனால் கீழே போகிற தண்ணீரைக் குறைக்க வேண்டுமென்றால் தன் மெஷினை அல்லவா முதலில் குறைக்க வேண்டும்! இவர் கரண்டும் சேர்ந்து இறங்கியது. ஆபீசிலிருந்து வந்தவன், வயசாகிவிட்டது மெஷினுக்கா உங்களுக்கா என்று கேட்டுவிட்டுப் போனான்.

வீட்டிலும் நிம்மதி கிடையாது. பெண்டாட்டி தம்பியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவாள். அவன் வந்தால் பெரிய மீன் துண்டு அவன் தட்டுக்குப் போகும். தலை இவருக்கு. தலையில்தான் ருசி என்று சமாதானம் வேறு.

இந்த நேரத்தில் பழைய போர்மேன் ரிட்டயர் ஆனார். இனி இரண்டு பவர் ஹவுஸுக்கும் சேர்த்து ஒரே போர்மேன் என்றார்கள். வரிசைப்படி பார்த்தால் மூத்தவருக்குத்தான். ஆனால் பெரிய இன்ஜினியர் கீழ் பவர் ஹவுஸைப் பார்க்க வருகிறாராம், மெஷின் முழு லோடில் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஆளை முடிவு செய்வாராம் என்று பேச்சு வந்தது. கீழே வந்து பார்க்கிறவன் கீழே இருக்கிறவனுக்குத்தானே கொடுப்பான்? நேற்று துணியும் கையுமாக நின்ற பயலுக்கு நாளை எழுந்து நின்று கும்பிடு போட வேண்டுமா? மூத்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்ஜினியர் வந்த அன்று காலை, கீழே மெஷின் முழு லோடைத் தொட்டதும் மூத்தவர் எழுந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். டர்பைனுக்குத் தண்ணீர் விடுகிற கேட்டை மூடினார். மெஷின் முனகி முனகி நின்றது. மெஷின் நின்றால் தண்ணீரைச் சுற்றிவிட ஒரு பக்கவாய்க்கால் உண்டு. அதன் கதவு துருப்பிடித்துக் கிடந்தது, அதைப் பழுது பார்ப்பது பற்றி ஆபீஸ் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. ஆகவே குளத்தில் இருக்கிற தண்ணீர் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம்தான் மச்சினனின் சவடால். மூத்தவர் நாற்காலியைப் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவன் அலறுவதைக் கேட்க வேண்டும்.

போன் அடித்தது. குளம் இறங்குகிறதே மாமா என்று கேட்டான்.

"பேரிங் சூடாயிடுச்சு மாப்ளே. நிறுத்திட்டேன்."

"ஐயையோ. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மாமா? கைய கிய்ய வச்சிராதீங்க. நான் வரேன்."

மூத்தவர் எதிர்பார்த்தது இதை அல்ல. ரிசீவரை வைக்கவும் தோன்றாமல் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. பயல் தன் மெஷினை நிறுத்திவிட்டு, இன்ஜினியரின் ஜீப்பிலேயே, இன்ஜினியரையும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான்.

உள்ளே நுழைந்தவன் நேராகப் போய் பேரிங் மேல் உள்ளங்கையை வைத்தான். அது மண்பானை மாதிரி குளிர்ந்து கிடந்தது. வைத்த கையை அவன் எடுக்கவில்லை. மூத்தவரை ஒரு பார்வை பார்த்தான். மூத்தவர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தோடு தொலைந்தோம் என்று நினைத்தார்.

பிறகு அவன் நெருப்பைத் தொட்டவன் மாதிரி கையை வெடுக்கென்று உதறினான். சூடு காட்டுகிற மீட்டர் மறையும்படி அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டான்.

"இன்னும் கொதிக்குது சார். கிட்ட வராதீங்க, எண்ணெய் சிந்தியிருக்கு, வழுக்கும்."

தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. இன்ஜினியர் தன் புது பூட்ஸைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அங்கிருந்தே மூத்தவரைக் கேட்டார். மூத்தவர் வாயைத் திறப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான்.

"மாமாவுக்குச் சத்தத்துலயே தெரிஞ்சுரும் சார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா பேரிங் போயிருக்கும். நீங்க வர்ற நாளாச்சேன்னு கூடப் பாக்காம நிறுத்தியிருக்காரு பாருங்க."

கடைசிப் பேச்சில் குத்தல் இருந்ததா இல்லையா என்று மூத்தவருக்குப் பிடிபடவில்லை. அவன் முகம், கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. இன்ஜினியர் தலையை ஆட்டினார். எவன் வந்தாலும் மெஷின்தான் முக்கியம் என்று நினைக்கிற ஆள்தான் போர்மேனாக இருக்க வேண்டும், ஆர்டர் இந்த வாரமே வரும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தார். கையெழுத்துப் போடுகிறவர்கள் இப்படித்தான், கண்ணால் பார்க்காததைத்தான் சீக்கிரம் நம்புவார்கள்.

இருவரும் தனியே நின்றார்கள்.

"ஏண்டா சொல்லல?" என்றார் மூத்தவர்.

"என்னன்னு சொல்றது மாமா? எங்க அக்கா புருஷன் வயித்தெரிச்சல்ல மெஷின நிறுத்திட்டாருன்னா?" அவன் குரலை உயர்த்தவில்லை. "அந்த வேலை எனக்கும் வேணும்னுதான் இருந்தேன். வாய விட்டுக் கேட்டிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன். சரி, கேட்ட தொறங்க. அங்க குளம் காஞ்சு கெடக்கு."

அவன் திட்டியிருக்கலாம். சட்டையைப் பிடித்திருக்கலாம். அதையெல்லாம் மூத்தவர் தாங்கியிருப்பார், திருப்பியும் கொடுத்திருப்பார். அவன் சொன்னபடியே போய்க் கேட்டைத் திறந்தார்.

ஆர்டர் வந்தது. மூத்தவர் போர்மேன் ஆனார். அன்று மச்சினனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள் பெண்டாட்டி. அவன் அக்காளிடமும் அதே கதையைத்தான் அளந்தான், சத்தத்திலேயே கண்டுபிடித்த கதையை. அவள் வாயைப் பிளந்து கேட்டாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, பெரிய மீன் துண்டை எடுத்துப் புருஷன் தட்டில் வைத்தாள். மூத்தவர் அதைத் தொடவில்லை. கண் தட்டை விட்டு நகரவும் இல்லை.

மச்சினன் கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிப் போன பிறகு அவள் ஆரம்பித்தாள். தனக்கு வர வேண்டியதை மாமாவுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறானே, இந்த மனசு யாருக்கு வரும் என்றாள். இன்ஜினியரிடம் அவன் எடுத்துச் சொல்லாவிட்டால் கிடைத்திருக்குமா என்றாள். மூத்தவர் எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டிருப்பார்?

"உன் தம்பி சொன்னது அத்தனையும் பொய்" என்றார். "மெஷினுக்கு ஒண்ணும் ஆகல. நாந்தான் வேணும்னே நிறுத்தினேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ்வளவு செஞ்சிருக்கான். அவனுக்கு ஒரு நல்ல பேர் வரக்கூடாதுன்னு இப்படிக் கதை கட்டி உங்க தலையிலயே மண்ண வாரிப் போட்டுக்கறீங்களே. இது என்ன பொறாமைங்க?"

தட்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, ஆறிப்போவதற்குள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.