கார்டு கெடவில்லை

படம் மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். பதினேழாவது நிமிடம் நெருங்கினால் போதும், காதுக்காரருக்கு டீ குடிக்க வேண்டும் என்று தோன்றிவிடும். எடிட்டர் பையன் முதலில் இதைக் கவனிக்கவில்லை. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, "அது எப்படி சார், கரெக்டா பஸ் வர்ற நேரத்துல உங்களுக்கு டீ ஞாபகம் வருது?" என்று கேட்டான். "வயசாயிடுச்சுப்பா" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். வயசுக்கும் டீக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்கவில்லை. அந்தப் படத்தை வெட்டி ஒட்டியே அவனும் ஓய்ந்துபோயிருந்தான்.

காதுக்காரர் என்பது படக்குழு வைத்த பெயர். ஒலிப்பதிவு அவர் வேலை. இருபத்துநாலு வருடமாக அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்குவதுதான் பிழைப்பு. "ஊர்ல எவன் முணுமுணுத்தாலும் உங்களுக்குக் கேக்கும், நான் கத்தினா மட்டும் கேக்காது" என்பது அவர் மனைவி நித்தம் பாடும் பல்லவி. அதில் பொய் ஒன்றுமில்லை. இது அவருக்கு மூன்றாவது போர்ப் படம். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு, டைரக்டர் அம்மா போன் செய்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். போர் வேறு வேறாக இருக்கும். பள்ளிக்கூட வகுப்பறையில் எண்ணூறு பேர் படுத்துக் கிடப்பது மட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு பள்ளிக்கூடத்தில்தான் அந்த இரண்டு பேரும் கிடைத்தார்கள். பையனுக்கு இருபத்திரண்டு வயது. தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு, நாலைந்து பிளக் பெட்டிகளை ஒன்றோடொன்று செருகி, ஜெனரேட்டர் ஓடும் இரண்டு மணி நேரத்தில் முகாம் முழுவதற்கும் போன் சார்ஜ் போட்டுக் கொடுத்தான். அவனுக்குப் பெயரே சார்ஜர் என்றாகிவிட்டது. பெண்ணுக்கு இருபது. சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்குப் பால்பவுடர் அளந்து கொடுப்பாள். அவளை எல்லோரும் பால்பவுடர் என்றே கூப்பிட்டார்கள். தினம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அவள் போனோடு வந்து நிற்பாள். அந்தப் போனில் சிம்மே கிடையாது. சிம் இல்லாத போனுக்கு எதற்குச் சார்ஜ் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எண்ணூறு பேருக்கும் விஷயம் தெரியும். இதாவது நல்லபடியாக நடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

குழந்தைகளின் படிப்பைப் பற்றிப் படமெடுக்கப் போன டைரக்டர் அம்மா, இரண்டாம் நாளே அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இவர்கள் பின்னால் போனார். பதினாறு நாள் எடுத்தார்கள். பதினேழாம் நாள் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே குண்டு விழ ஆரம்பித்தது. உடனே ஆட்களை இரண்டு ஊர்களுக்குப் பிரித்துப் பட்டியல் போட்டுவிட்டார்கள். பையனும் அவன் அம்மாவும் முதல் பஸ். பெண் இரண்டாவது பஸ், வேறு ஊர்.

தப்பு நடந்தது மறுநாள் காலை, பஸ் ஏறும்போதுதான்.

இரவு முழுக்க ஒருவரும் கண்ணை மூடவில்லை. பையன் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோதே காதுக்காரர் அவன் சட்டைக்குள் கம்பியில்லா மைக்கை மாட்டி, எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று கருவியை முன்கூட்டியே ஓடவிட்டார். பஸ்ஸருகே வந்ததும் டைரக்டர் அம்மா கையைத் தூக்கி "ஆரம்பிங்க" என்று சைகை காட்டினார். இருபத்துநாலு வருடப் பழக்கம், கட்டைவிரல் தானாகப் போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் அந்தப் பொத்தானை இன்னொரு தடவை அமுக்கினால் பதிவு நின்றுவிடும். இது நேற்று வேலைக்கு வந்தவனுக்குக்கூடத் தெரியும். வெயில் நேராகக் கருவியின் திரையில் அடித்தது. பதிவு நேரத்தைக் காட்டும் எண் ஓடுகிறதா என்று அவர் குனிந்து பார்க்கவில்லை. ஹெட்போனுக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. பதிவானாலும் ஆகாவிட்டாலும் மைக்கில் விழுவது அதில் கேட்கும். ஆக, பஸ்ஸில் அந்தப் பையன் பேசியது அவர் காதில் விழுந்தது, கருவியில் விழவில்லை.

சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது, தாழ்வாரத்தில் நடக்கிற சத்தமும் சட்டை உரசுகிற சத்தமுமாகப் பதினாலு நிமிடம் இருந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. "மெமரி கார்டு கெட்டுப்போச்சும்மா" என்றார் காதுக்காரர். டைரக்டர் அம்மா அவர் முதுகில் தட்டி, "விடுங்க, பஸ் சத்தத்துல எப்படியும் ஒண்ணும் கேட்டிருக்காது" என்றார். திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். அந்தத் தட்டல் பதினாலு மாதமாக முதுகில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் எடிட்டர் ஒரு இசையைப் போட்டு நிரப்பிவிட்டான். பார்த்தவர்கள் எல்லோரும் அந்த இசைக்குத்தான் அழுதார்கள்.

டைரக்டர் அம்மாவிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. படத்தை முடித்துப் பூட்டுவதற்கு முன்னால், அதில் வருகிறவர்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டுவார். எது வேண்டாம் என்கிறார்களோ அதைப் பேசாமல் எடுத்துவிடுவார். இந்தப் படத்துக்குக் கூப்பிட அந்தப் பெண் ஒருத்திதான் இருந்தாள். பையன் போன ஊரில் பதினோராம் நாள் குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு இறந்தவர் பட்டியலிலும் அவன் பெயரோ அவன் அம்மா பெயரோ இல்லை, உயிரோடு இருப்பவர் பட்டியலிலும் இல்லை.

அவள் மூன்று பஸ் மாறி மத்தியானம் வந்து சேர்ந்தாள். படத்தில் இருப்பதைவிடப் பாதியாக இளைத்திருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஒரு படிவம். வெளிநாட்டில் இருக்கிற சித்தி, நடையாய் நடந்து அவளைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தாள். இவள் கையெழுத்துப் போட்டு நாளைக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

"மூணு வாரமா பையில வச்சுக்கிட்டே சுத்தறேன்" என்றாள். "சித்தி போன்லயே அழறாங்க. என்னவோ, கை வரல."

"ஏம்மா?" என்று கேட்டார் டைரக்டர்.

"படத்தைப் போடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

போட்டார்கள். சார்ஜர் மேசை வந்தபோது அவள் சிரித்தாள். பிளக்கை மாற்றிச் செருகிவிட்டு அவன் கையை உதறும் இடத்தில், "இதை எடுத்துராதீங்க" என்றாள். பதினேழாவது நிமிடம் வந்தது. காதுக்காரருக்கு டீ ஞாபகம் வந்தது. எழுந்தால் அவள் நாற்காலியைத் தாண்டிக்கொண்டுதான் போக வேண்டும். உட்கார்ந்துவிட்டார்.

திரையில் பையன் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளியே நிற்கிறவளைப் பார்க்காமல் அம்மா பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கன்னமும் உதட்டோரமும் அசைவது மட்டும் பின்னாலிருந்து தெரிந்தது. பஸ் கிளம்பியது. அவன் கடைசி வரை திரும்பவே இல்லை.

"பாட்டை நிறுத்துங்க" என்றாள். எடிட்டர் இசையைக் குறைத்தான். கேமராவில் விழுந்த எஞ்சின் இரைச்சல்தான் மிச்சம். "அவன் சட்டையில மைக் இருந்துச்சுல்ல? அதைப் போடுங்க. இந்த இடத்துல அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியணும்."

எடிட்டர் டைரக்டர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவளே சொன்னாள். "முந்தின நாள் சண்டை. என் பஸ்ல வந்துடுன்னு கூப்பிட்டேன். அம்மாவை விட்டுட்டு எப்படி வர்றதுன்னான். அப்போ உங்கம்மாவையே கட்டிக்கிட்டு அழுன்னு சொல்லிட்டேன். அதுதான் நான் அவன்கிட்ட கடைசியா பேசினது. பஸ்ல ஏறுனவன் திரும்பிக்கூடப் பாக்கல. கோவத்தோடதான் போனானா? அம்மாகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னான்? அதைத் தெரிஞ்சுக்காம நான் எங்கேன்னு போறது?"

"அந்த கார்டு கெட்டுப்போச்சுடா கண்ணு" என்றார் டைரக்டர். சொல்லிவிட்டுக் காதுக்காரரைக் கண்ணால் வெளியே கூப்பிட்டார்.

வெளியே நடையில், காலி டீ கப்புகளுக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். "ஹெட்போன்ல ஏதாவது கேட்டுச்சா சார்?" என்று டைரக்டர் மெதுவாகக் கேட்டார். காதுக்காரர் ஒரு காலி கப்பை எடுத்து இன்னொன்றுக்குள் செருகினார். அதுவே பதிலாகிவிட்டது. "நல்லதா இருந்தா சொல்லாதீங்க. அவன் ஆசையா ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தான்னு தெரிஞ்சா, இந்தப் பொண்ணு ஆயுசுக்கும் இங்கேயே உக்காந்துடும். அவன் வரப்போறதில்ல சார். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிடுங்க. அந்தப் பொண்ணாவது போய்ப் பொழைக்கட்டும்."

நியாயமான பேச்சுதான். டைரக்டர் அம்மா கல்நெஞ்சுக்காரி இல்லை, மனசு விட்டுப்போய்த்தான் அதைச் சொன்னார். காதுக்காரருக்கும் அது சுலபமாகத்தான் இருந்தது. ஒரு பொய்யை இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும், அவ்வளவுதானே! பதினாலு மாதம் சுமந்ததை இன்னும் பத்து நிமிடம் சுமக்க முடியாதா? முடியும் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

அவள் திரையை எட்டிப்பிடிக்கிற தூரத்தில் போய் நின்றுகொண்டிருந்தாள். எடிட்டரிடம் கெஞ்சி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லி, அந்த அசைகிற கன்னத்தை வைத்து வார்த்தையைக் கண்டுபிடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் காதுக்காரருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"கார்டு கெடலம்மா" என்றார். "நான்தான் கெடுத்தேன். ஓடிட்டிருந்த மிஷினை மறுபடி அமுக்கி நிறுத்திட்டேன். தப்பை ஒத்துக்க வெக்கமா இருந்துச்சு, அதான் கார்டு மேல பழியைப் போட்டேன்."

எடிட்டர் வாயைப் பிளந்தான். டைரக்டர் அம்மா பின்னால் நிற்பது தெரிந்தது. காதுக்காரர் திரும்பவில்லை.

"ஆனா என் காதுல கேட்டுச்சு."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "திட்டினானா?"

"அவங்கம்மா, 'போற நேரத்துல அந்தப் பொண்ணு முகத்தைப் பாருடா'ன்னாங்க. அதுக்கு அவன், 'பாத்தா அழுதுடுவேம்மா. நான் அழுறதைப் பாத்தா அவ அவ பஸ்ல ஏற மாட்டா, இங்கேயே நின்னுடுவா. அவ ஏறிப் போயிடணும். பஸ் கேட்டைத் தாண்டட்டும், அப்புறம் அழுதுக்கறேன்'னான்."

ஒவ்வொரு வார்த்தையும் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மறந்திருக்குமோ என்ற சந்தேகமே அவருக்கு இருந்ததில்லை.

"அப்புறம்?"

"கேட் வரைக்கும்கூட அவனால தாங்க முடியலம்மா."

"அழும்போது ஏதாவது சொன்னானா?"

"தெரியல." அவர் தரையைப் பார்த்தார். "ஹெட்போனைக் கழட்டிட்டேன். ஒருத்தன் அழறதை ஒட்டுக்கேக்கற மாதிரி இருந்துச்சு. கேட்ல செக்கிங்குக்கு பஸ் நின்னப்போ ஓடிப்போய் மைக்கை வாங்கினேன். மறுபக்கம் ஜன்னல் வழியா எடுத்து நீட்டினான். மைக் நனைஞ்சிருந்துச்சு."

அவள் அவரையே பார்த்தாள். "கேட்டிருக்கலாம்ல அண்ணா" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "அதைக் கேக்க உங்களை விட்டா உலகத்துல வேற ஆளே இல்லையே."

"ஆமாம்மா. கேட்டிருக்கணும்."

அவள் பையைத் துழாவி ஒரு பழைய போனை எடுத்தாள். முகாமில் வைத்திருந்த அதே போன். "சிம் இருக்கு இப்போ" என்றாள், ஒருவரும் கேட்காமலே. "அவன் சொன்னதை நீங்க ஒரு தடவை சொல்லிப் பதிஞ்சு குடுங்க. இதுல ஏத்திக்கறேன்."

"நானா? என் குரலா?"

"அவன் குரல்தான் உங்க காதுல இருக்கே."

இருபத்துநாலு வருடத்தில் காதுக்காரர் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து பேசியதே இல்லை. மைக்கைத் தன் சட்டையில் தானே குத்திக்கொண்டார், ஹெட்போனை மாட்டினார், பொத்தானை அமுக்கினார். எண் ஓடுகிறதா என்று பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு பேசினார். நடிக்கவில்லை, குரலை மாற்றவில்லை. கணக்கு ஒப்பிக்கிற பள்ளிப் பிள்ளை மாதிரிதான் இருந்தது. 'அவ ஏறிப் போயிடணும்' என்ற இடத்தில் மட்டும் ஒரு தடவை தடுமாறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பேசி முடித்ததும் பழக்கதோஷத்தில் கையைத் தூக்கினார். "யாரும் பேசாதீங்க. முப்பது செகண்ட் சும்மா ஓடட்டும்." எங்கே பேச்சு எடுத்தாலும் கடைசியில் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் கொஞ்சம் பிடித்து வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம்.

ஹெட்போனில் முதலில் மின்விசிறி கேட்டது. எடிட்டரின் நாற்காலி முனகியது. அப்புறம் அவள் மூச்சு உடைந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், பொத்தியும் நிற்காமல் அழுதாள். காதுக்காரரின் கை தானாக ஹெட்போனுக்குப் போனது. போன கையைக் கீழே இறக்கி முழங்காலில் வைத்துக்கொண்டார். முப்பது செகண்ட் எப்போதோ தாண்டிவிட்டது. அவள் அழுது முடிக்கும் வரை கேட்டார்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உறையிலிருந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள். எடிட்டர் நீட்டிய பேனா எழுதவில்லை. அவன் பதறிப்போய் இன்னொன்று தேடிக் கொடுத்தான்.

"அவன் என்னைப் போகச் சொல்லித்தான் போயிருக்கான்" என்றாள். "இது தெரியாம வருஷம் பூரா நின்னுட்டேன்."

பேனா தாளில் உரசும் சத்தம் அவர் காதில் பெரிதாகக் கேட்டது. எழுதிக்கொண்டே அவள் தலை நிமிராமல் கேட்டாள்.

"இன்னும் ஓடுதா அண்ணா?"

அவர் குனிந்து எண்ணைப் பார்த்தார்.

"ஓடுதும்மா."