மீதிப் படம்

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் திரையில் வேறொரு படம் ஓடத் தொடங்கியது. கதாநாயகன் பறந்து வந்து ஒருவனை உதைத்தான்.

நர்கீஸ் திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள். விடுமுறை நாளென்று காலைக் காட்சிக்கு வந்திருந்தாள். இடைவேளை வரை ஓடியது, நூற்பாலை விடுதியில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாயின் கதை. புகார் இல்லையென்று எழுதிய காகிதத்தை முதலாளியின் ஆட்கள் பணத்தோடு தாயின் முன் நீட்டிக் கையெழுத்துக் கேட்ட இடத்தில் இடைவேளை விட்டிருந்தார்கள்.

எழுந்துபோய், மீதிப் படம் எங்கே என்று கேட்டாள். அரங்கின் கதவருகே நின்ற மேனேஜர் ஜெரோம் சிரித்தார்.

"அந்தப் படம் ரொம்ப ஸ்லோ மேடம். நத்தம், ரெட்டியார்சத்திரம்னு பட்டிக்காட்டுல இருந்து வர்ற ஜனத்துக்கு அதெல்லாம் புரியாது. ஃபைட்டு, காமெடி இருந்தாத்தான் உக்காருவாக."

மாட்டுத் தொட்டியில் கழுநீர் ஊற்றுகிறவரின் அலட்சியம் அந்தக் குரலில் இருந்தது. திரையில் ஒருவன் ஒரு பெண்ணின் கறுப்பு நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தான். முன்வரிசை சிரித்தது.

பின்னாலேயே இன்னொரு பெண் எழுந்து வந்தாள். பெயர் சோலையம்மாள், மில்லில் வேலை பார்த்தவள்.

"நான் ரெட்டியார்சத்திரந்தான். எனக்கு எல்லாம் புரிஞ்சுது. அந்தப் பொம்பள கையெழுத்துப் போட்டாளா, இல்லையா? அதச் சொல்லுங்க."

ஜெரோம் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே இல்லை.

"அது எதுக்கும்மா? உக்காந்து சிரிச்சுட்டுப் போங்க."

"எம்புட்டு எளக்காரம்!" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வெளியேறினாள் சோலையம்மாள்.

வாசலில் நின்று நர்கீஸ் போனில் தேடினாள். "மதுரையில மத்தியானம் ஓடுதுக்கா. வாரீகளா?"

"வாரேன் தாயி."

மதுரையில் முழுப் படமும் பார்த்தார்கள். தாய் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வந்து இளைய மகளுக்குச் சோறு போட்டுவிட்டு, அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்துடன் படம் முடிந்தது.

திரும்பும் பஸ் சின்னாளப்பட்டி தாண்டியதும் சோலையம்மாள் சட்டென்று சொன்னாள்:

"கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது."

"இன்னொரு பிள்ள இருக்கேக்கா. அவளையும் மில்லுக்கா அனுப்ப முடியும்?"

"அதுக்காக? செத்ததும் அவ பெத்த பிள்ளதான?"

"நீங்களா இருந்தா?"

"தெரியல தாயி," என்றாள் சோலையம்மாள். "அந்த மேனேஜர் பய இதத்தான் நமக்குப் புரியாதுன்னான்."