சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட முடிவு

தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீட்டில் குடியிருந்துகொண்டு கதை எழுதுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு எழுத வேண்டும். சுலக்ஷனாவுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் போனதுதான் அத்தனை கூத்துக்கும் காரணம். அவள் போனோடு பேசிப் பேசியே கதை எழுதினாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பகலெல்லாம் கொழுந்து பறித்துக் கறையேறி வெடித்த விரல்களை, போன் கண்ணாடி விரல் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. கொழும்பில் கடையில் வேலை செய்யும் அவள் புருஷன் விஜிதரன் போன முறை லிந்துலைத் தோட்டத்துக்கு வந்தபோது, ஒரு செயற்கை நுண்ணறிவைப் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். வாயால் சொன்னால் அது எழுதிக்கொள்ளும். எழுதியதை வாசித்துக் காட்டும். நடுவில் கேள்வியும் கேட்கும். "அப்போது அந்தப் பெண் மனதில் என்ன ஓடியது?" என்று ஒருநாள் கேட்டதும் சுலக்ஷனா ஆடிப்போனாள். கட்டின புருஷன் ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருப்பானா!

ஹட்டனில் ஓர் இலக்கிய வட்டம் சிறுகதைத் தொகுப்பு போடுகிறது. அதில் தன் கதையும் வர வேண்டும் என்று சுலக்ஷனாவுக்கு அப்படி ஓர் ஆசை. கதையும் கையில் இருந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போன மகள் போன் எடுப்பதை நிறுத்திவிடுகிறாள். தாய் காத்துக்கொண்டே இருக்கிறாள். தாய்க்குப் பேச்சியம்மா என்று பெயர் வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று இவள் நினைப்பு. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடுமா? ஒரே சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருக்கும் ராசம்மாவின் மகள் ஜெயந்தினி வெளிநாடு போனதும், பொங்கலுக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு பேச்சும் வராததும் அந்த லயத்தில் கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும்.

முடிவுதான் வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, போனிடம் யோசனை கேட்டாள்.

"இப்படிக் காத்திருக்கும் தாய் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அவரிடம் பேசிப் பார்த்தால் நல்ல முடிவு கிடைக்கலாம்" என்றது அது.

"அதெல்லாம் அவங்ககிட்ட போயி கேக்க ஏலாது. நீயே ஒரு முடிவச் சொல்லு. வாசிக்கிறவங்க அழணும்."

அது சொன்னது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு குரல் அதற்கு. "மகள் இறந்து இரண்டு மாதங்கள் ஆகிவிட்டன. அந்தச் செய்தியைத் தாயிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் லயத்து மக்கள் மறைத்து வைத்திருந்தார்கள்."

சுலக்ஷனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயோ, ராசம்மா பெரியம்மா இதத் தாங்க மாட்டாங்களே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

லயத்துச் சுவர் கூரைவரை போகாது. பாதியில் நின்றுவிடும். மேலே ஒரே தகரம், எல்லாருக்கும் பொது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறாயுசு" என்பார்கள்.

ராத்திரி முழுக்கச் சுலக்ஷனாவுக்கு மனசு குறுகுறுத்தது. அடுத்த வீட்டுப் பெண்ணைக் கதைக்காகக் கொன்றுவிட்டோமே என்று ஒரு பாவ உணர்ச்சி. விடிந்தது ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லை. சுடச்சுட ரொட்டி தட்டி, தேங்காய்ச் சம்பல் அரைத்து, ஒரு தட்டில் மூடி எடுத்துக்கொண்டு ராசம்மா வீட்டுக்குப் போனாள். செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியூரில் சாவு என்றால் செய்தி முதலில் பக்கத்து வீட்டுக்குத்தான் வரும். பக்கத்து வீட்டுக்காரி அதை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு, முதலில் எதையாவது சமைத்துக் கொண்டுபோய்ச் சாப்பிட வைப்பாள். தெரிந்துவிட்டால் அப்புறம் ஒரு வாய் இறங்காதே! சாப்பிட்ட பிறகுதான் விஷயத்தைச் சொல்வார்கள்.

ராசம்மா தட்டைப் பார்த்தாள். தூக்கமில்லாமல் வீங்கிய சுலக்ஷனாவின் கண்ணைப் பார்த்தாள்.

"அடியே, நேத்தே எனக்குக் கேட்டுச்சுடி. நீயா வந்து சொல்லுவேன்னு விடிய விடிய ஒக்காந்திருந்தேன்" என்றவள், அப்படியே வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் சரிந்தாள். "என் மக போயிட்டாளே!"

எதிர்வீட்டுக் காளியாயிக்கு அது போதும். தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். ஒப்பாரி கிளம்பியது. ஒருவர் கோயில் ஸ்பீக்கரை நிறுத்த ஓடினார். இன்னொருவர் சாவுக்கு வெள்ளைக் கொடி கட்டக் கயிறு தேடினார். சுலக்ஷனா தட்டோடு நடுவில் பேயறைந்த மாதிரி நின்றாள்.

"யாரும் சாகல!" என்று கத்தினாள். "கதை! அது நான் எழுதுற கதை! போன்ல பேசினது மனுசரு இல்ல, மிசினு!"

ஒப்பாரி பாதியில் அறுந்தது. "கதையா? நான் தொண்ட கிழிய அழுதேனேடி, பாவி!" என்று காளியாயி முடியைக் கொண்டை போட்டாள். அதற்குப் பிறகு விழுந்த ஏச்சை இங்கே எழுத முடியாது. நன்றாக ஏசிவிட்டு, ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

ராசம்மா மட்டும் எழும்பவில்லை. சுலக்ஷனா பக்கத்தில் உட்கார்ந்தாள். காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது அவளுக்கு.

"அப்ப அந்த மிசினுக்கு என் மக எங்க இருக்கான்னு தெரியாதா?"

"தெரியாது பெரியம்மா. அது சும்மா கற்பனையில சொன்னது."

"தெரியாததுகிட்ட போயி கேட்டியே. இந்தச் சுவருக்கு அந்தப் பக்கந்தானே நான் இருக்கேன். என்கிட்ட கேட்டா என்ன?"

"ஒங்க மனசு நோகுமேன்னுதான்..."

"நோகுமாம்!" ராசம்மாவுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. "இப்ப மட்டும் நோகலயா? வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக்களத்துல, கொழுந்து மலையில, பைப்படியில, எங்கயாவது ஒருத்தி 'ஜெயந்தினி எப்புடி இருக்கா'ன்னு கேக்கறீங்களா? அவ பேரச் சொல்லாம சொல்லாமயே நீங்க எல்லாரும் அவள எப்பவோ சாகடிச்சிட்டீங்க. மிசினு நேத்துத்தான் சொல்லிச்சு."

சுலக்ஷனாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடக்கவில்லை, அழுதாள். ராசம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை அவளுக்கு ஊட்டினாள், ஒரு துண்டைத் தானும் சாப்பிட்டாள்.

"சரி, அந்த மிசின எடு. முடிவு நான் சொல்றேன்."

சுலக்ஷனா போனை எடுத்து, "நேத்துச் சொன்ன முடிவு வேணாம். அந்தம்மாவே சொல்லப் போறாங்க" என்றாள்.

"மிகவும் நல்லது. சொல்லுங்கள் அம்மா" என்றது அது. ராசம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் மக போன் எடுப்பா. அவ்வளவுதான்."

"மகள் பேசும் முதல் வார்த்தை என்னவாக இருக்கும்?"

ராசம்மா யோசிக்கவே இல்லை. "அங்க மழையாம்மான்னு கேப்பா. எப்ப எடுத்தாலும் அதத்தான் மொதல்ல கேப்பா. அவ இருக்கற எடத்துல மழையே இல்லயாம். போனத் தகரத்துக்கிட்ட தூக்கிப் புடிக்கச் சொல்லுவா. கொஞ்ச நேரம் பேசாம கேட்டுக்கிட்டே இருப்பா. பொறகுதான் சாப்டியா, இருமல் கொறஞ்சுதான்னு மத்த பேச்செல்லாம்."

இந்த ஊர் மழைக்கு நேரங்காலம் ஏது? காலையிலிருந்து மூடிக்கிடந்த வானம் அப்போதுதான் கொட்டத் தொடங்கியது. தகரம் படபடத்தது. ராசம்மா சட்டென்று சுலக்ஷனாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். எழும்பி நின்று, கை எட்டுகிற மட்டும் கூரைக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"மன்னிக்கவும், மழைச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது" என்றது போன். "நீங்கள் சொல்வது கேட்கவில்லை."

"கேளு" என்றாள் ராசம்மா. கையை இறக்கவில்லை.