மேகம் தொட்டியைத் தாண்டும் வரை

லிஃப்ட் மெக்கானிக் திங்கட்கிழமைதான் ஓர் உதவியாளரை வேலைக்கு வைத்தான். அவள் இருப்பது வேறு ஊரில். இவனிடம் வந்து சேர்ந்தது குரல் மட்டும். மெயில்களுக்குப் பதில் போட வேண்டும், பழுது பார்க்கத் தேதி குறிக்க வேண்டும், கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்த வேண்டும்.

புது ஆளைச் சீக்கிரம் பழக்குவது எப்படி என்று எங்கோ படித்திருந்தான். விளக்கிக்கொண்டிருக்காதீர்கள், ஒரு காலை வேலையை அப்படியே பதிவு செய்து அனுப்புங்கள், அவர்களே குறிப்பெடுத்துக்கொள்ளட்டும் என்றிருந்தது. வாய்க்கு வேலை இல்லை என்பதே அவனுக்குப் பிடித்துவிட்டது. ‘நான் காட்டாத எதையும் செய்யாதே’ என்று ஒரு வரி சேர்த்து வீடியோவை அனுப்பினான். திரையின் மூலையில் தன் முகமும் பின்னாலிருந்த ஜன்னலும் பதிவானதை அவன் கவனிக்கவில்லை.

புதன்கிழமை அவளுடைய குறிப்பு வந்தது. முதல் ஐந்து வேலைகளும் சுத்தம். ஆறாவது இப்படி இருந்தது: ‘அக்காவின் மெயிலைத் திறக்கவும். பெருமூச்சு விடவும். திரும்பி, மேகம் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டும் வரை ஜன்னலைப் பார்க்கவும். மெயிலைப் படிக்காததாகக் குறித்து மூடவும்.’

போன் போட்டான். “என்னம்மா இது?”

“நீங்க செஞ்சதுதான் சார். இன்னைக்கு நானும் மூணு தடவை செஞ்சேன்.”

“எதை?”

“பெருமூச்சு நல்லா வருது சார். மேகம்தான் இங்க கிடைக்கல. எதிர்வீட்டு மாடியில ஒரு போர்வை காயுது. அது ஆடி நிக்கிற வரைக்கும் பாத்துட்டு மூடிட்டேன்.”

மெயிலில் நாலே வரி. ‘சனிக்கிழமை ஒன்பதாவது மாடிக்குக் குடி போறேன். முட்டி படி ஏறாது. லிஃப்ட்ல தனியா ஏற மாட்டேன். நீ வருவியா?’

இரண்டு வருடம் முன்பு, தான் சரிசெய்த லிஃப்ட் வெண்ணெய் மாதிரி போகும் என்று பீற்றிக்கொண்டு அக்காவை ஏற்றினான். நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே அது நின்றுவிட்டது. முதல் அரை மணி நேரம் அக்கா எதுவும் பேசவில்லை. அடுத்த ஒன்றரை மணி நேரத்தில், அவன் பிறந்ததிலிருந்து செய்த எல்லாவற்றையும் பேசினாள். அதன் பிறகு பேச்சே இல்லை, இந்த மெயில்தான். லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டால் அக்கா நிரந்தரமாக உறவை முறித்துக்கொள்வாள்.

போனைக் காதில் வைத்தபடியே மறுபடி ஜன்னலைப் பார்த்தான். அவன் கண்ணுக்கு, கம்பியில்லாமல் ஒரு லிஃப்ட் மேகத்துக்குள் மிதந்தது. உள்ளே அக்கா, மடியில் கைப்பையோடு. எண் போடாத மாடிகள் ஒவ்வொன்றாகக் கீழே நழுவிக்கொண்டிருந்தன.

“சார், லைன்ல இருக்கீங்களா? மத்த அஞ்சுக்கும் சேர்த்தே அரை மணிதான் ஆகுது. ஆறாவதுக்கு மட்டும் நாப்பது நிமிஷம். ஒண்ணு அதை எடுத்துடணும், இல்ல முடிச்சுடணும்.”

“முடிக்கிறதுன்னா?”

“‘வரேன்’னு போடறது. மூணு எழுத்து.”

“நீயே போட்டுடேன்.”

“நீங்க போட்டுக் காட்டலியே சார்.”

மெக்கானிக் மறுபடி வீடியோ பதிவை ஆரம்பித்துவிட்டு மெயில் முன் உட்கார்ந்தான். அன்றே குறிப்பில் பழைய ஆறாவதுக்குக் கீழே புது ஆறாவது வந்தது: ‘வரேன் என்று அடிக்கவும். பதினோரு நிமிடம். நடுவில் தண்ணீர் குடிக்கவும்.’

சனிக்கிழமை அவன் முன்கூட்டியே போய்க் கம்பி, பிரேக், கதவு எல்லாம் பார்த்தான். எட்டு முறை தனியாக ஏறி இறங்கினான். அக்கா ஒரு கைப்பையும் ஒரு மடக்கு நாற்காலியுமாக வந்தாள்.

“நாற்காலி எதுக்குக்கா?”

“போன தடவை ரெண்டு மணி நேரம் நின்னேன்டா.”

லிஃப்டுக்குள் நாற்காலியை விரித்து உட்கார்ந்து, அவன் சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடியது. ஒன்று. இரண்டு. மூன்றில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“சார், பழைய ஆறாவதை எடுத்துடவா?”

“இரு, நாலு தாண்டட்டும்.”

நாலு எரிந்தது, அணைந்தது. எந்த எண்ணும் இல்லாத அந்த இடத்தில் லிஃப்ட் ஒரு மேகத்தின் அவசரத்தோடு நகர்ந்தது. மூவரும் மூச்சு விடவில்லை. ஐந்து எரிந்தது.

அக்கா சட்டைக் கையை விட்டுவிட்டுப் போனைப் பிடுங்கினாள். “என்ன ஏதுன்னு தெரியல, எடுத்துடும்மா” என்றாள்.