அலையில்லாத ஈரம்

மீன்பிடித் தடைக்காலத்தில் நெட்டுக்குப்பத்து ஆண்களின் துணியில் கடல்நீர் படுவதில்லை. ஆனால் விசைப்படகு ஓட்டும் பொன்னுரங்கத்தின் பனியன் காலைதோறும் பிழிந்தால் சொட்டியது. படகிலிருந்து அவன் கொண்டுவந்த ஈரத்தையெல்லாம் அலையின் வேலை என்றே எண்ணித் துவைத்திருந்தாள் மனைவி நீலா. வீட்டுக்குள் அலை எப்படி வந்தது? அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

பக்கத்து அனல்மின் நிலையத்திலிருந்து வரும் புழுக்கம் என்றான் அவன். நீலா அவனை மின்விசிறிக்கு நேர்கீழே படுக்கவைத்துத் தான் சுவரோரம் போனாள். ஈரமும் அவனோடு இடம் மாறியது. மாதவிலக்கு நிற்கும் வயதில் அவளுக்கும் வேர்ப்பதுண்டு. அது குப்பென்று முகத்தில் ஏறிச் சற்றுநேரத்தில் இறங்கிவிடும்.

“உன்னுது எனக்கும் ஒட்டிகிச்சு போலகீதுமே” என்று கேலி செய்தான். சிரிப்பு இருமலில் முடிந்தது. குடியை நிறுத்திப் பார்த்தான், வேர்வை நிற்கவில்லை. லுங்கி இடுப்பில் தங்காததையும், அந்தியில் உடம்பு காய்வதையும் நீலா அப்போதுதான் சேர்த்துப் பார்த்தாள்.

தடை முடிய ஒரு வாரமே இருந்தது. நோயென்று பேர் கிளம்பினால் படகு வேறு கைக்குப் போய்விடும் என்று அவன் ஆஸ்பத்திரிக்கு மறுத்தான்.

“போட்டு போனா வேற போட்டு கீதுய்யா. நீ போனா எனக்கு இன்னா கீது?” என்றாள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டான்.

டாக்டரம்மாவிடம் நீலா ஓயாமல் கேட்டாள். புழுக்கம், மாதவிலக்கு மாற்றம், சில மாத்திரைகள், சர்க்கரை இறங்குவது, தைராய்டு என்று இரவு வேர்வைக்குக் காரணங்கள் பல உண்டு என்றும், பெரும்பாலும் பயமில்லை என்றும் அவர் விளக்கினார். ஆனால் துணி நனையும்படி அடிக்கடி வேர்த்து, எடையும் குறைந்து, காய்ச்சலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் இருந்தால் தாமதிக்கவே கூடாதாம்.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும். தான் சொல்லும்வரை கடல் வேண்டாம் என்றார் டாக்டரம்மா. பிறகு, படகில் பக்கத்தில் படுப்பது யார் என்று கேட்டார்.

பொன்னுரங்கம் மனதுக்குள் எடைபோட்டுப் பார்த்தான். சொன்னால் படகு போகும், சொல்லாவிட்டால் படகில் பக்கத்தில் படுக்கும் சாலமனே போய்விடலாம். வெளியே வந்ததும், நீலா பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் கூட்டாளியைப் போனில் அழைத்தான்.

“சாலமா, எனக்கு டீபி கீதாம். நமக்கு நனையறது அலைன்னு நென்ச்சோமே, வூட்ல உனக்கு எப்டிகீது?”

மறுமுனையில் சாலமன் குரலைத் தாழ்த்தினான்.

“துண்டு விரிச்சிகினுதான் படுக்கறேன் மாமு. யாராண்ட சொல்றதுன்னு தெர்ல. அப்போ போட்ட யாரு ஓட்றது?”

“மொதல்ல நீ வந்து டப்பால துப்பிக் குடு. போட்ட அப்பால பாக்கலாம்.”